நாவும் நைவேத்தியமும்

ரசம் என்று தமிழ்நாட்டு வீட்டின் உள்கட்டை நோக்கிக் குரல் கொடுத்தால் ஈயச் சொம்பு ஒன்று வரும். அதே சொல்லை அலங்கார சாஸ்திரம் படித்த பண்டிதர்கள் கூடிய சபையில் உச்சரித்தால் பரத முனிவர் வருவார். கவிதைக்கும் கூத்துக்கும் உயிர் என்று சொல்லப்படுகிற ஒன்றுக்கும், புளியும் மிளகும் பருப்புத் தண்ணீரும் கூடிக் கொதிவருமுன் மேலே நுரை கட்டி நிற்கும் ஒன்றுக்கும் எப்படி ஒரே பெயர் வாய்த்தது என்பதை, நாள்தோறும் அதைச் சாதத்தில் பிசைந்து உண்ணுகிற நாம் நின்று யோசிப்பதில்லை. வடமொழியில் மட்டுந்தானா? தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டவர்கள் நகை, அழுகை, இளிவரல் முதலான எட்டையும் விளக்கப் புகும்போது எடுத்துக்கொள்ளும் சொல்லும் 'சுவை' என்பதே. நாவில் பிறப்பதற்கும் அதுதான் பெயர், நெஞ்சில் பிறப்பதற்கும் அதுதான் பெயர்.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், சங்கீதத்திலும் சிற்பத்திலும் நல்ல பயிற்சியுள்ள நண்பர் ஒருவர், பால் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டபின், "என்னதான் சொல்லுங்கள், இது தொழில், மிஞ்சிப்போனால் கைத்திறமை. இதைப் போய்க் கலை என்று சொல்வது வாசலில் வாசிக்கிற நாகஸ்வரக்காரருக்குச் செய்கிற அவமரியாதை" என்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர் காதிலும் அது விழுந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் ஒரு மாறுதலும் தெரியவில்லை, பாயச வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார். நானும் பதில் சொல்லவில்லை. பந்தியில் தர்க்கம் செய்தால் அப்பளம் நமத்துப்போகும். அன்று விட்டுவைத்த பதிலைத்தான் இப்போது, இலையும் எடுத்தாகி மாதங்களும் கடந்தபின், சாவகாசமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ரசம் என்பது யாது என்ற கேள்வி எழும்போது, பரதர் விடைதேடிப் போகும் இடம் யாகசாலையன்று, சமையற்கட்டு. பலவகை வியஞ்ஜனங்களும் மூலிகைகளும் பிற திரவியங்களும் சேர்ந்த இடத்தில், அவற்றில் எதிலும் தனியே இல்லாத ஒரு சுவை பிறக்கிறதல்லவா, அதுபோலப் பல பாவங்கள் கூடிய இடத்தில் ஸ்தாயி பாவம் ரசமாகிறது என்றும், நன்றாகச் சமைத்த அன்னத்தை நன்மனம் படைத்தோர் சுவைத்து மகிழ்வது போல நன்மனம் படைத்த பிரேக்ஷகர்கள் அதைச் சுவைக்கிறார்கள் என்றும் அவர் விளக்குகிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் காச்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தரோ பானகத்தைக் காட்டுகிறார்: பானகத்தின் ருசி வெல்லத்தில் தனியே இருந்ததா, மிளகில் தனியே இருந்ததா? ராமநவமியன்று ஒரு டம்ளர் பானகம் வாங்கிக் குடித்த எவனுக்கும் அந்தக் கேள்வி புரியும். ஆகக் கடன் கொடுத்தது சமையற்கட்டு. வாங்கியவன் அந்தப் பணத்தில் ஏழடுக்கு மாளிகை கட்டிக்கொண்டபின், கொடுத்தவனைக் கொல்லைப்புறமாக வரச் சொல்கிற கதையாகத்தான் என் நண்பரின் பேச்சு எனக்குப் பட்டது.

உவமை சொல்லிவிட்டதால் மட்டும் உபமானமும் உபமேயமும் ஒன்றாகிவிடுமா, முகத்துக்குச் சந்திரனைச் சொன்னதால் சந்திரனுக்கு மூக்கு முளைத்துவிடுமா என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் முன்னோர் உவமையோடு நிற்கவில்லை. வாத்ஸ்யாயனர் தொகுத்த அறுபத்துநான்கு கலைகளின் வரிசையில் பலவகைக் கறிகளும் பக்ஷணங்களும் சமைத்தல் ஒரு கலை, பானகங்கள் கூட்டுதல் இன்னொரு கலை. மணிமேகலையின் 'ஊரலர் உரைத்த காதை'யில் நாடக மகளிர் கற்றுத் துறைபோக வேண்டிய வித்தைகளைச் சாத்தனார் அடுக்கும்போது, கூத்தும் பாட்டும் யாழும் குழலும் ஓவியமும் நிற்கிற அதே வரிசையில் மடைநூலும் தயக்கமின்றி வந்து நிற்கிறது. மடைநூலாவது சமையல் சாஸ்திரம். அதற்கும் முந்திய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து அருச்சுனனுக்கு மூத்தவனாகிய பீமன் செய்த நூலின் நெறி வழுவாமல் ஆக்கப்பட்டது என்று புலவர் பெருமைப்படுகிறார். அப்படியொரு நூல் இருந்ததோ இல்லையோ, சமையலுக்கு நூல் உண்டு, நெறி உண்டு, அதிலிருந்து வழுவுதலும் உண்டு என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணமே நமக்குப் போதும்.

நளன் கதை இதைக் காட்டிலும் வலுவான சாட்சி. கார்க்கோடகன் தீண்டி உருவம் மாறிப்போய், பாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக விதர்ப்ப நாட்டுக்கு வந்து சேர்ந்தவனை, அவன்தானா என்று தமயந்தி எப்படித் தீர்மானிக்கிறாள்? தோழி கேசினியை அனுப்பி, அவன் சமைத்த இறைச்சியில் சிறிது கொண்டுவரச் செய்து, வாயில் இட்டுப் பார்க்கிறாள், பார்த்தவள் அழுகிறாள். நிறம் மாறியிருந்தது, தோள் குறுகியிருந்தது. கைப்பக்குவம் மட்டும் மாறவில்லை. திரைக்குப் பின்னால் பாடினாலும் இன்னார் பாடுகிறார் என்று முதல் சங்கதியிலேயே சொல்லிவிடுகிற ரசிகனுக்கும் அவளுக்கும் என்ன வேற்றுமை? செய்தவனுடைய முத்திரை செய்பொருளில் பதிந்து, அதை அறிய வல்லவருக்கு அது விளங்குமானால், கலைக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை.

சமையலைக் கலையின் வாசற்படிக்கு வெளியே நிறுத்தியவர்களில் முதல் தாம்பூலம் பிளேட்டோவுக்கே உரியது. 'கோர்கியஸ்' என்ற சம்பாஷணையில் சாக்ரடீஸ், மருத்துவம் உடம்பின் நன்மையை அறிந்து செய்கிற வித்தை என்றும், சமையல் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருகிற முகஸ்துதி என்றும், காரணம் அறியாமல் பழக்கத்தால் மட்டுமே கைவந்த சாமர்த்தியம் என்றும் சொல்லிவிட்டு, குழந்தைகளை நீதிபதிகளாக உட்காரவைத்து வைத்தியனும் சமையற்காரனும் வழக்காடினால் வைத்தியன் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்று கேலியும் பண்ணுகிறார். பிரசவித்தவளுக்குப் பத்தியக் குழம்பும் சளிபிடித்தவனுக்கு மிளகு ரசமும் வைத்துக் கொடுக்கிற நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியை அவர் சந்தித்திருந்தால் இந்த வழக்கே நம்பர் ஆகியிராது. காரணம் அறியாத பழக்கம் என்பதுதான் என்ன? அதிரசத்துக்குப் பாகு வைப்பவள் அடுப்பிலிருந்து ஒரு சொட்டெடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்க்கிறாள். கரைந்தோடினால் பொறுக்க வேண்டும், கல்லாகி விளிம்பில் 'டங்'கென்று ஒலித்தால் காலம் கடந்துவிட்டது, மெத்தென்று உருண்டு வருகிற அந்த ஒரு க்ஷணத்தில்தான் மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். அவளுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. எப்போது என்று தெரியும். 'பதம்' என்று நாம் சொல்வது இதைத்தான். சொல்லுக்கும் பதம் என்று பெயர், நாட்டியத்தில் பாடி அபிநயிப்பதற்கும் பதம் என்று பெயர் என்பதை நினைக்கும்போது, இந்த மொழி நம்மைக் காட்டிலும் புத்திசாலியோ என்று தோன்றுகிறது.

கான்ட் எழுப்பும் ஆட்சேபம் இவ்வளவு எளிதில் தீர்வதன்று. 1790-இல் வெளிவந்த தம் மூன்றாம் விமரிசன நூலில் அவர், இனியது வேறு, அழகியது வேறு என்று கோடு கிழிக்கிறார். கேனரித் தீவு மது இனியது என்று ஒருவன் சொன்னால், 'எனக்கு இனியது' என்று அவன் திருத்திக்கொள்ள வேண்டும்; நாவின் இன்பத்தில் ஆளுக்கொரு வழி, அங்கே விவாதத்துக்கு இடமில்லை. அழகியது என்று சொல்லும்போதோ, பிறரும் ஒப்புக்கொள்ளத்தக்கது என்ற உரிமையோடு சொல்கிறோம். அந்த உரிமை எங்கிருந்து வருகிறதென்றால், அப்பொருளிடம் நமக்கு ஆசையும் இல்லை, அதனால் ஆகவேண்டிய காரியமும் இல்லை என்பதிலிருந்து வருகிறது. பசித்தவனுக்குப் பண்டத்தின் தோற்றம் போதாது, பண்டமே வேண்டும். ஆகவே அவன் தீர்ப்பு சுதந்திரமுள்ள தீர்ப்பன்று. இப்படி எழுதியவர் சாப்பாட்டு விஷயத்தில் உதாசீனர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் தினம் பகல் உணவு ஒன்றுதான் அவருக்கு நிறைவான உணவு. அதையும் நண்பர்களோடு மணிக்கணக்காக இருந்து உண்டவர். பந்தியில் அமர்வோர் அருள்தேவியர் மூவருக்குக் குறையாமலும் கலைத்தேவியர் ஒன்பதின்மருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று பிற்காலத்து நூலொன்றில் விதியே வகுத்தவர். சமையலைப் பற்றியும் ஒரு விமரிசனம் எழுதிவிடுவார் போலிருக்கிறது என்று ஹிப்பெல் என்ற நண்பர் பரிகாசம் செய்ததாகச் சொல்வார்கள். எழுதவில்லை, நமக்குத்தான் நஷ்டம். அவருக்குப் பின் வந்த ஹெகல், கலை கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே உரியது, நாவும் மூக்கும் தோலும் ஜடத்தோடு நேரே உரசுகிற புலன்கள், உண்பவன் பொருளை அழித்துத்தானே அனுபவிக்கிறான் என்று கதவை அடைத்துத் தாழும் போட்டுவிட்டார்.

அழிவது குற்றம் என்ற பேச்சில் எனக்கு மரியாதை இல்லை. விடியற்காலையில் இட்டு வெயில் ஏறுமுன் மிதிபடும் மாக்கோலத்தையும், பாடி முடிந்த மறுகணம் பாடினவருக்கே திரும்பக் கிடைக்காத ஆலாபனையையும் வைத்துக்கொண்டு நாம் அந்தப் பேச்சைப் பொருட்படுத்தலாகாது. கொழும்பில் 1877-இல் பிறந்து, பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் 1917 முதல் 1947-இல் காலமாகும் வரை பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, கண்ணாடிப் பெட்டிகளின் நடுவே இருந்துகொண்டே, இவையெல்லாம் பெட்டிக்காகச் செய்யப்பட்டவையல்ல, மனிதர் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவை, பயனுள்ளது வேறு கலை வேறு என்ற பேதம் நவீனர்கள் கண்டுபிடித்தது என்று ஓயாமல் எழுதிவந்தார். அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வேறோர் ஆட்சேபம் உண்டு. நாடகம் நம்மை அழவைக்கிறது; முகாரி ராகம் துக்கத்தைச் சொல்கிறது; சாம்பாரால் துக்கத்தைச் சொல்ல முடியுமா? ஆயர் சேரியில் மாதரியின் மனையில், கோவலனுக்குக் கண்ணகி கடைசியாகச் சமைத்துப் போட்ட உணவை நினைக்கலாம்; பிஞ்சுக் காய்களை அரிந்து விரல் சிவந்ததையும், முகம் வியர்த்ததையும், கண் சிவந்ததையும் இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்கையில், இது கடைசி இலை என்று அறிந்த நமக்குத் தொண்டை அடைக்கிறது. அது இளங்கோவின் கலை, கண்ணகியின் கலையன்று என்று நண்பர் மடக்கிவிடுவார். ஆகையால் அந்த உதாரணத்தை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சிரார்த்தச் சமையலைச் சொல்கிறேன். பெற்றோர் மறைந்த திதியில், ஈர மடியோடு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, அன்றாடச் சமையலில் புழங்கும் பல காய்களையும் மிளகாயையும் விலக்கி, மிளகும் சீரகமும் பயத்தம் பருப்புமாக, பாகற்காயும் பிரண்டையும் எள்ளுருண்டையுமாக ஒரு சமையல் நடக்கிறதே, அந்தப் புகை வாசனை வாசலுக்கு வந்ததும், இன்று இந்த வீட்டில் என்ன நாள் என்று அண்டை அயலாருக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். வசிஷ்டர் வீட்டுச் சிரார்த்தத்தில் ஆயிரத்தெட்டுக் கறி வேண்டும் என்று விசுவாமித்திரர் அடம்பிடிக்க, அருந்ததி பாகற்காயை நூறென்றும் பிரண்டையை முந்நூறென்றும் பலாவை அறுநூறென்றும் கணக்கிட்டு, மேலே எட்டுக் கறி வைத்துத் தொகையை நேராக்கினாள் என்று ஒரு கதை உண்டு. துக்க தினத்தில்கூடச் சிரிக்கத் தெரிந்த யாரோ கட்டின கதை. அதுவல்ல நான் சொல்ல வந்தது. சிரார்த்தத்தில் உண்பவர்கள், பரிமாறுகிறவர் கேட்டாலும் அன்னத்தின் குணத்தைச் சொல்லலாகாது என்று மனு விதித்திருக்கிறார். நன்றாயிருக்கிறது என்ற ஒரு வார்த்தையை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொண்டே, வருஷத்தில் மற்ற நாட்களைவிடச் சிரத்தையாக நடக்கிற சமையல் அது. பாராட்டுக்கு வழியே அடைபட்ட இடத்தில் செய்நேர்த்தி குறையவில்லையே, எதற்காகக் குறையவில்லை?

இதே கேள்வியை மடைப்பள்ளியில் வைத்துக் கேட்டால் இன்னும் கூர்மையாகும். நிவேதனத்துக்கு ஆவதைச் சமைப்பவன் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்தும் பார்க்கக் கூடாது. என் பாட்டனார் ஊர்ப் பெருமாள் கோயிலில் தளிகை செய்துவந்த முதியவர் ஒருவரை நாங்கள் மடைப்பள்ளித் தாத்தா என்று அழைப்போம். வாயையும் மூக்கையும் சேர்த்து ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, மார்கழிக் குளிரில் விறகுப் புகைக்கு நடுவே அவர் புளிக்காய்ச்சல் இறக்குவதை வாசற்படிக்கு இப்பால் நின்று பல நாள் பார்த்திருக்கிறேன். மிளகாய்க்கு அந்த மடைப்பள்ளியில் பிரவேசம் கிடையாது, போர்த்துக்கீசியர் கப்பலில் நேற்று வந்த பண்டம் என்பார், காரமெல்லாம் மிளகுதான். நல்லெண்ணெயில் கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, புளிக்கரைசல் விழுந்ததும் முதலில் 'சோ'வென்று ஓர் இரைச்சல் எழும். நீர் வற்ற வற்ற இரைச்சல் கனத்து, கடைசியில் உருளியின் ஓரத்தில் எண்ணெய் தனியே பிரிந்து, கொப்புளங்கள் 'தொப், தொப்' என்று சோம்பலாக உடையும். அந்த ஓசைக்காகவே காத்திருந்தவர் போல அவர் எழுந்து விறகைப் பின்னுக்கு இழுப்பார். உப்பு ஒரு கைப்பிடி. அதை எடுத்த கை ஒரு நொடி அப்படியே நிற்கும், ஏதோ நிறுத்துப் பார்ப்பதுபோல, பிறகுதான் போடும்.

ஒரு நாள் அந்தக் கை மறந்துவிட்டது. நான்கு நாள் ஜுரத்துக்குப் பின் எழுந்து வந்திருந்தார். தளிகை கண்டருளப்பண்ணி, தொன்னை தொன்னையாக வினியோகமும் ஆயிற்று. வாயில் போட்ட எல்லாருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், ஒப்பிலியப்பனுக்கு எப்போதும் உப்பில்லாமல்தானே தளிகை, நம் பெருமாளுக்கு ஒரு நாள் ஆனால் என்ன என்று அடங்கின குரலில் சமாதானம் சொன்னார். எல்லாரும் போனபின் தாத்தா தம் பங்கை எடுத்துக்கொண்டு மடைப்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கவளம் போட்டவர் நிறுத்தினார். பிறகு தொன்னையில் ஒரு பருக்கையும் விடாமல் சாப்பிட்டார். தூணருகில் நின்ற என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டாயே, ஏண்டா குழந்தை, சொல்லப்படாதோ?" என்று கேட்டார்.

"பெருமாளே ஒண்ணும் சொல்லலையே, தாத்தா" என்றேன்.

"அவர் சொல்லமாட்டாரடா. அதனாலேதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையலம்பப் போனார்.

கான்ட் பெரியவரை அந்தத் திண்ணைக்கு அழைத்து வரவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. ஆசை கலவாத தீர்ப்புத்தான் அழகின் தீர்ப்பு என்றால், தான் சமைப்பதைத் தன் நாவுக்கு மறுத்துவிட்டு, காதாலும் கண்ணாலும் கையின் நினைவாலும் மட்டுமே அதன் நிறைவை அளக்கிற இவரை எந்த வரிசையில் வைப்பது? இவருக்கு முன்னால் இருப்பது பண்டமன்று, பண்டத்தின் பூரணம், உண்பவரும் உண்ணாதவர், பிரசாதமாகத் திரும்பி வரும்போது சமைத்தவரும் வரிசையில் கைநீட்டி நிற்கிறவர்களுள் ஒருவர்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு நானே ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். ருசி பாராமைதான் உயர்ந்த நிலை என்றால் கண்ணப்பரை என்ன செய்வது? காளத்தி மலையில், பொன்முகலிக் கரையில், காட்டுப் பன்றியின் இறைச்சியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் பல்லால் அதுக்கிச் சுவை பார்த்துத்தானே அவர் குடுமித்தேவருக்குப் படைத்தார்? அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் துடித்துப்போனது ஆகமத்தின் பக்கம் நின்று பார்த்தால் முற்றும் நியாயம். ஆனால் சேக்கிழார் அங்கே ஒரு நுட்பம் வைத்திருக்கிறார். அருகே நின்ற தோழர்கள் வியந்து பேசிக்கொள்கிறார்கள்: இவனுக்கோ பெரும்பசி, இறைச்சியையும் பக்குவமாகக் காய்ச்சிவிட்டான், வாயிலும் இடுகிறான், இட்டதை விழுங்காமல் உமிழ்கிறானே, எங்களுக்கும் கொடுக்கவில்லையே, பித்தேறிவிட்டதோ? பசியோடு இருக்கிற நா பண்டத்தைத் தொட்டு, இது நன்று, இது நன்றன்று என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வயிற்றுக்கும் நாவுக்கும் இடையே உள்ள வழி அந்த வேடன் தொண்டையில் அடைபட்டுவிட்டது. மடைப்பள்ளித் தாத்தா நாவைக் கட்டிப்போட்டார். கண்ணப்பராகிய திண்ணனார் நாவை அவிழ்த்துவிட்டு அதைத் தமக்கென்று இல்லாமற் செய்தார். இரண்டாவதுதான் கடினமானது என்று எனக்குப் படுகிறது. சமையல் கலையாகும் இடம் எது என்று கேட்டால் விரலை அங்கேதான் வைப்பேன்: சுவையை முழுதும் அறிந்த நா, சுவையைத் தனக்கு வேண்டாத இடம். வெறும் வயிற்றுக்காகக் கிண்டி இறக்குகிற உப்புமாவையெல்லாம், நான் நாள்தோறும் உண்பதையும் சேர்த்துத்தான், கலை என்று சாதிக்க எனக்கு எண்ணமில்லை.

இப்படியெல்லாம் உயர்த்தி எழுதும்போது உள்ளூர ஓர் உறுத்தலும் இல்லாமலில்லை. நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இருவரும் ஆண்கள், அதிலும் அரச குலத்தவர்கள், ஆபத்துக் காலத்தில் சில காலம் கரண்டி பிடித்தவர்கள். ஆயுள் முழுதும் அடுப்படியில் நின்றவள் ஒருத்தியின் பெயரால் ஒரு பாகமும் வழங்கவில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டில், புதுக்குடித்தனம் வைத்த பெண் கெட்டித் தயிரைத் தன் விரலாலேயே பிசைந்து, உடுத்த சேலையிலேயே கையைத் துடைத்து, தாளிதப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிப்பாகை, கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுண்ணியதாக மலர்ந்தது என்று செவிலி வந்து சொல்கிறாள். பெரிதாகச் சிரித்தாள் என்று சொல்லாமல் நுண்ணிய மலர்ச்சி என்றதில் புலவருடைய கை தெரிகிறது. இந்தப் பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுத்ததில்லை. ஆனாலும் புகை அவள் கண்ணுக்கு, கவிதை நமக்கு என்ற நினைப்பும் கூடவே வரும். கலை என்று பட்டம் சூட்டியே ஒருத்தியை அடுப்படியில் நிறுத்திவைத்துவிட முடியும். அவள் விரும்பினால் வெளியே வரக்கூடிய கதவு திறந்திருக்கிற வீட்டில்தான் அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் உண்டு. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச, சமைக்கத் தெரியாத எனக்கு யோக்கியதை இல்லை.

ஆயினும் ஒருத்தியைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இளையான்குடி மாறனார் செல்வமெல்லாம் அடியார்க்கு அமுதூட்டியே கரைந்து போய், கொடிய வறுமையில் இருக்கிறார். மழை இரவு; உபவாசம்; அடைத்த கதவைத் தட்டி நனைந்தபடி ஓர் அடியார் வருகிறார். அண்டை வீடுகளில் இனிக் கடன் பெயராது. அன்று பகலில் வயலில் விதைத்த நெல் ஒன்றுதான் உண்டு, அதை வாரிக் கொண்டுவந்தால் ஆக்கலாம் என்று வழி சொல்கிறவர் மனைவியார்தாம். இருளில் காலால் தடவிக்கொண்டே போய், மழைநீரில் மிதந்த முளைநெல்லைக் கூடையில் வாரிக்கொண்டு வருகிறார் கணவர். அடுப்பெரிக்க விறகில்லை என்றால் கூரையின் வரிச்சுகளை அறுத்துப் போடுகிறார். ஈர நெல்லை வறுத்துக் குத்தி அந்த அம்மையார் சோறாக்கிவிட்டார். கறிக்கு? கொல்லையில் குழி நிரம்பாத இளம் பயிர் முளைத்திருக்கிறது. அதையும் வேரோடு பறித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவருடைய கடுமையான தியாகத்தைப் பற்றிப் பிரசங்கிகள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். எனக்கோ கண் அம்மையாரின் கையை விட்டு அகலுவதில்லை. ஆய்ந்து, கழுவி, அந்த ஒரே பயிரைத் தம் கைத்திறத்தால் வேறு வேறு கறிகளாக ஆக்குகிறார். வெறும் கீரைதானே, வெந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. முன்னொரு காலத்தில் குறைவின்றி வட்டித்த விருந்துகளின் நினைவு அப்போது அவருக்கு வந்தது என்று சேக்கிழார் ஓரிடத்தில் ஜாடையாகச் சொல்கிறார். இல்லாத பண்டங்களையெல்லாம் அந்த நினைவிலிருந்து எடுத்துத்தான் அவர் அந்தக் கீரையில் சேர்த்திருக்க வேண்டும்.

எல்லாம் ஆனபின், உறங்குகிற அடியாரை எழுப்பி, அமுது செய்தருள வேண்டும் என்று மாறனார் வேண்டுகிறார். படுத்திருந்தவர் சோதியாய் எழுகிறார். கணவனும் மனைவியும் திகைத்து நிற்கிறார்கள். உமையோடு விடைமேல் தோன்றிய இறைவன் இருவரையும் தன் உலகுக்கு வரச் சொல்கிறான். சரித்திரம் அங்கே நிறைவுறுகிறது. வரிச்சுக் கட்டை அடுப்பில் இன்னும் கனன்றுகொண்டிருந்திருக்கும்; கூரையில்லாத பக்கமாக மழை உள்ளே விழுந்துகொண்டிருந்திருக்கும்; ஒரே கீரையில் வேறு வேறாகச் செய்த அந்தக் கறியமுதை யார் உண்டார்கள் என்று பெரியபுராணத்தில் ஒரு சொல்லும் இல்லை.